மூன்று முறை தொலைத்தால் லாபம்

கம்பி கழற்றிய அன்று
பெம்பினா சாலைக் கிளினிக்கில்
ஒரு கண்ணாடி தந்தார்கள், ஒரு தாளும்.
கண்ணாடியில் என் தெத்துப்பல் இல்லை.
தாளில் ஐந்தாண்டுத் திட்டம் இருந்தது.

இப்போதே கட்டினால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து டாலர்.
பிறகு எத்தனை ரிட்டெய்னர் தொலைத்தாலும் உடைத்தாலும்
புதியது நாற்பதுக்கு.
கட்டாவிட்டால் ஒவ்வொன்றும் இருநூற்று எழுபத்தைந்து.
முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும்.

"பல் நகரும்," என்றாள் அந்தப் பெண்
கையுறையை உருவியபடி,
"எண்பது வயதிலும் நகரும்."
நாளைக்கு மைனஸ் இருபது என்பதுபோலச் சொன்னாள்.

மாறன் அன்றிரவே கணக்குப் போட்டான்.
ஒன்று தொலைத்தால் நட்டம்.
இரண்டு தொலைத்தாலும் நட்டம்.
மூன்றாவது தொலையும்போதுதான்
நமக்கு நூற்றுப்பத்து டாலர் மிச்சம்.
"நீ கவனமாக இருந்தால் போதும்," என்றான்,
கிம்லியில் ஏரிக்குள் கல்யாண மோதிரத்தை விட்டுவிட்டு
ஆறு கோடையாக எல்லாப் போட்டோவிலும்
இடது கையைப் பின்னால் கட்டி நிற்பவன்.

நான் என்னை எண்ணிப் பார்த்தேன்.
வின்னிபெக்கில் எட்டுப் பனிக்காலம்,
எட்டுக் கையுறை, எல்லாம் இடது.
ஒரு பஸ் கார்டு.
இரண்டு குடை. (காற்று பிடுங்கிப் போனதை
நான் தொலைத்ததாகச் சேர்ப்பதா?)
பனியில் விழுந்த வீட்டுச் சாவி
ஏப்ரலில் படியோரம் தலைகாட்டியது,
பூட்டை மாற்றிய பிறகு.

மருந்துக் கிடங்கில் பக்கத்து மேசை ரொவீனா.
அவள் நாய் இரண்டைத் தின்றிருக்கிறது.
"நாய் இல்லாதவளுக்கு எதற்குத் திட்டம்?"

அண்ணத்தில் தகடு குடிவந்ததிலிருந்து
நாக்கு மேலே வளையப் போய்
முட்டிக்கொண்டு திரும்புகிறது.
யாழ்மொழி, பார்த்துப் பார்த்து வைத்த பெயர்.
"யால்மொலி, சாப்பிட வா."
மாடியிலிருந்து மகள் கேட்கிறாள்:
"அது யாரும்மா?"

யாரிடமும் சொன்னதில்லை,
நாற்பத்து மூன்று வருடம்
கையால் மூடித்தான் சிரித்திருக்கிறேன்.
தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்பார்கள்.
சொன்னவர்கள் எல்லோருக்கும் வரிசைப் பல்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்கள்.
எனக்குக் கடிக்கக்கூடச் சேர்ந்ததில்லை.
இப்போது சேர்கிறது.
விளக்கணைத்த பின் சும்மா ஒருமுறை
சேர்த்துப் பார்க்கிறேன்,
நகைப்பெட்டியை மூடுவதுபோல.

அதற்கு எவ்வளவு தரலாம்?
அவர்களுக்கு ஐந்தாண்டு,
பல்லுக்குப் பல்லாண்டு.
ஆறாம் ஆண்டும் அது நகருமே,
அப்போது தாளை யார் நீட்டுவார்?

முப்பதாம் நாள், கேன்டீனில் இருந்தபோது போன் வந்தது.
தகட்டோடு யெஸ் என்றால் யெத் என்று வழுக்குகிறது.
நோ மட்டும்தான் சுத்தமாக வருகிறது.
ஆனாலும் மரியாதைக்குக் கழற்றி
டிஷ்யூவில் வைத்தேன்.
வேண்டாம், நன்றி,
நான் கவனமானவள் என்றேன்.
தட்டைக் கொட்டிவிட்டு
மேசைக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு மகள் அழைத்தாள்.
"சொல்லு, யாழ்மொழி."
ழ அத்தனை அழகாக வந்தது.
அப்போதுதான் உறைத்தது.

நானும் ரொவீனாவும் முழங்கைவரை குப்பையில்.
காபிக் கோப்பைகள், யாரோ கடித்துவிட்ட ஆப்பிள்,
ஒன்பது டிஷ்யூ உருண்டை.
பத்தாவதில் இருந்தது,
வாழைப்பழத் தோலுக்கு அடியில்,
பல்லில்லாமல் இளித்துக்கொண்டு.

கொதிநீரில் வளைந்துவிடுமாம்,
வெதுவெதுப்பில் நாலு தரம் கழுவினேன்.
கிடைத்ததெல்லாம் கணக்கில் வராது
என்றாள் ரொவீனா, கையை முகர்ந்தபடி.
நான் அதற்குள்
ஒன்று என்று எண்ணியிருந்தேன்.